தர்ஷினியின் முன்பற்கள்

5.2.18, திங்கள்

காலையில் கடும் பனி. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நிற்கும் பஸ்ஸின் பலகைகூடத் தெரியவில்லை. திண்டிவனம் வந்து சேர்வதற்குள் கிளினிக் வாசலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். உதவிக்கு இருக்கும் விஜயா கதவைத் திறந்து பெருக்கி, தண்ணீர் தெளித்து, எனக்கு டீயும் வாங்கி வைத்திருந்தாள். ஆறிப்போன டீ.

பஞ்சுருளை வாங்க வேண்டும். இன்வெர்ட்டருக்குத் தண்ணீர். இனியாவுக்கு ஹாஸ்டலுக்கு அனுப்பப் போர்வை, தேங்காய் எண்ணெய். நாமக்கல் பார்சல் சர்வீஸ் எத்தனை மணிக்கு மூடுவான் என்று கேட்க வேண்டும்.

மதியம் மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து ஒரு பெண். சுமதி. முப்பது தாண்டியிருக்கும். மடியில் மகள் தர்ஷினி, நாலு வயது. உட்கார்ந்ததும் உட்காராததுமாக:

"டாக்டரம்மா, இவளுக்குக் கெட்டுப்போன பல்லையெல்லாம் ஒரே தபாவுல புடுங்கிடுங்க."

"ஏம்மா அவ்வளவு அவசரம்?"

"நான் குவைத்து போறேங்க. வூட்டு வேலைக்கு. இந்த மாசம் இருபத்தி நாலாந்தேதி பிளேனு. அப்புறம் இவளத் தூக்கிக்கினு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைய ஆள் கெடையாது."

கணவர் பைக் விபத்தில் போய்விட்டாராம், குழந்தை நடை பழகுவதற்கு முன்பே. இனி தர்ஷினி இருக்கப்போவது கணவரின் அக்கா பாக்கியத்திடம். மீன் விற்கிறவர். விடிவதற்கு முன் கூடையோடு கிளம்பிவிடுகிறவர்.

"எங்க அண்ணி நல்லவங்கதான். ஆனா பல்லு வலிக்குதுன்னு இது அழுதா, அவங்க கூடையத் தூக்குவாங்களா, இதத் தூக்குவாங்களா?"

பார்த்தேன். மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பு. ஓரம் தேய்ந்து பாதிதான் மிச்சம். கீழ்க் கடைவாயில் இரண்டு பற்களில் குழி. பல் சுரண்டும் கரண்டி வைத்தால் ஊறின சாக்பீஸ் போலப் பெயர்ந்து வருகிறது. சீழ் இல்லை. ஈறில் வீக்கம் இல்லை.

"தூக்கத்துல எழுந்து அழறாளா?"

"இல்லீங்க. துன்னும்போதுதான். மிட்டாய் பட்டா துள்ளுவா."

அப்படியானால் உள்ளே நரம்பு இன்னும் கெடவில்லை. பிடுங்க வேண்டாம். ஊசி வேண்டாம், மெஷினும் வேண்டாம். கடைவாய்ப் பல்லில் மெத்தென்று இருப்பதைக் கையாலேயே சுரண்டி எடுத்து சிமெண்ட் வைத்து அழுத்திவிடலாம். முன்பல்லுக்கு வெள்ளிச் சத்து கலந்த சொட்டு மருந்து. சொத்தை அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் தொட்டுவிட்டால் போதும்.

ஒன்றுதான் சங்கடம். சொத்தையான இடம் கறுத்துவிடும். பல் தானாக விழும்வரை கறுப்புதான். வேறொரு குழந்தையின் படத்தைக் காட்டினேன். சுமதி அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணுப் புள்ளையாச்சேங்க" என்றாள்.

"விழுந்து முளைக்கிற பல்லு வெள்ளையாத்தான் வரும்."

"வலி நின்னுடுமா?"

"நின்னுடும்."

"அப்பச் சரி. வலி நின்னாப் போதும். நான் அங்க தூங்கணும் இல்ல."


6.2.18, செவ்வாய்

பனி இல்லை. வழியில் ரயில்வே கேட் போட்டு நேரம் போயிற்று.

தர்ஷினி நாற்காலியில் ஏற மறுத்தாள். சரி, சுமதி மடியிலேயே இருக்கட்டும் என்று முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன்.

"ஊசி போடுவியா?"

"இல்லை."

"மெய்யாலும்?"

விஜயா: "எங்க மேடத்துக்கே ஊசின்னா பயம் பாப்பா. போன வாரம் காய்ச்சலுக்கு அழுதுக்கினே போட்டுக்கினாங்க." பொய். நான் தலையாட்டினேன்.

கீழ் வலது கடைவாய் முடிந்தது. சிமெண்ட் இறுகும்வரை விரலால் அழுத்திப் பிடித்திருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கடித்தாள். நல்ல கடி. கடிக்கத் தெரிந்த பல்லைப் பிடுங்கச் சொன்னாயே என்று சுமதியிடம் சொன்னதும் அவள் சிரித்தாள். அவள் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

பிறகு உதட்டில் வாஸ்லைன் தடவி, பஞ்சால் துடைத்து, சொட்டு மருந்து. நான்கு பற்களுக்கும் சேர்த்து ஒரே துளி. 

"எப்படி இருக்கு?"

"இரும்ப நக்குனா மாதிரி கீது."

நங்கூரத்தை நக்கிப் பார்த்திருக்கிறாளாம். ஐஸ்கிரீம் போலக் குளிர்ச்சியாக இருந்ததாம், ஆனால் உப்பாம்.

விஜயாவின் சுடிதார் நுனியில் மருந்து பட்டுவிட்டது. எதைப் போட்டாலும் அந்தக் கறை போகாது. "எனக்கும் சொத்தை நின்னுடும்" என்கிறாள்.


9.2.18, வெள்ளி

இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்காக வந்தார்கள். கூட பாக்கியம். கனத்த உடம்பு, பெரிய மூக்குத்தி, அதைவிடப் பெரிய குரல். ஹாலில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"யாரும்மா டாக்டரு? நீங்களா? இன்னாம்மா இது, கொழந்த பல்ல அடுப்புல வச்சு எடுத்தா மாதிரி பண்ணி வச்சுக்கிறீங்க?"

"அண்ணி, சும்மா இருங்க. சொல்லிட்டுத்தான் பண்ணாங்க."

"நீ சும்மா இருடி. நீ பிளேன் ஏறிடுவ. ஊரு என்னத்தான கேக்கும்? எங்க பக்கம் ஒருத்தங்க கீறாங்க. கண்டங்கத்திரி வெதையப் போட்டு வாய்க்குப் புகை புடிச்சா, பல்லுப் பூச்சி அத்தனையும் தட்டுல வுழும். வெள்ள வெள்ளையா. கண்ணால பாக்கலாம். நீங்க இன்னா காட்டுனீங்க? கரி!"

ஹாலில் ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பல் சோதிக்கும் கம்பியைப் பாக்கியத்தின் கையிலேயே கொடுத்து, தர்ஷினியின் முன்பல்லை மெதுவாகத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். கூடை தூக்கித் தூக்கிக் காய்த்த கை. ஆனால் மெதுவாகத்தான் தட்டினார். டக் டக். தர்ஷினி அசையவில்லை.

"கல்லாட்டம் கீது" என்றார்.

"போன தடவை இதே கம்பி உள்ளே இறங்கிச்சு. இப்ப இறங்காது."

"கல்லாட்டம் இருக்கறதுக்குக் கல்லு கலர்லயே இருக்கணுமா?"

அரிக்கிற சொத்தை மஞ்சளாக, பழுப்பாக, பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். நின்றுபோன சொத்தைதான் கறுப்பு. பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் இது தலைகீழாகத் தெரிகிறது. மேலே வெள்ளை சிமெண்ட் பூசலாமா என்று சுமதி கேட்டாள். பூசினாலும் நிற்காது. பிடித்துக்கொள்ள முன்பல்லில் இடம் மிச்சமில்லை.


11.2.18, ஞாயிறு

இட்லிக்கு அரைத்தது. மழை வருவது போலப் போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

ஹாஸ்டலில் இருந்து இனியாவின் போன். சாப்பிட்டியா? "ம்." படிக்கிறியா? "ம்." உடம்பு? "நல்லா இருக்கேன்." பின்னால் வரிசையில் நிற்கும் பெண்களின் சத்தம். "சரிம்மா, வெச்சிடறேன்."

அவர் கேட்டார், என்ன சொன்னாள் என்று. நன்றாக இருக்கிறாளாம் என்றேன். அவளிடமிருந்து வந்த முழு வாக்கியம் அது ஒன்றுதான்.


23.2.18, வெள்ளி

வெயில் ஆரம்பித்துவிட்டது. மயிலம் கல்லூரிப் பையன் ஒருவனுக்குக் கடைவாய்ப் பல் எடுத்ததிலேயே காலை முழுக்கப் போயிற்று.

சாயங்காலம் சுமதி, தர்ஷினியோடு. நாளைக்குக் கிளம்புகிறாள். எனக்கு ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு. வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

சிமெண்ட் இரண்டும் நன்றாக இருக்கிறது. முன்பற்கள் கறுத்து, பளபளவென்று, கடினமாக. வலி இல்லை. தர்ஷினி கையில் ஒரு முறுக்கு. கடித்தாள். மொறுக்கென்று அறை முழுக்கக் கேட்டது. சுமதி தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள்.

"இந்த சத்தம் கேட்டு எவ்ளோ நாளாச்சு. கொழகொழன்னு கேப்பைக் கூழையே குடுத்துக்கினு இருந்தேன்."

வாரம் ஒருநாள், வெள்ளிக்கிழமை, போன் பேச விடுவார்களாம். வீடியோ கால். பாக்கியத்தின் மகன் புதுப் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

"ஆகஸ்ட்ல மறுபடி மருந்து தொடணும் இல்லீங்களா? அண்ணி மறந்துட்டா நீங்க ஒரு போன் போடுங்க."

போடுகிறேன் என்றேன். படியிறங்கும்போது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். நடக்கிற குழந்தைதான். என்றாலும் தூக்கித்தான் கொண்டுபோனாள்.


25.2.18, ஞாயிறு

சுமதி போய்ச் சேர்ந்திருப்பாள்.

பூசணிக்காய் சாம்பார். உப்பு போட மறந்துவிட்டேன். அவர் அப்படியே சாப்பிட்டு எழுந்தார். இனியா போனபின் இந்த வீட்டில் யாரும் எதையும் குறை சொல்வதில்லை.


16.4.18, திங்கள்

மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பம். இனி ஜூன் வரை படகு போகாது. கிளினிக்கில் கூட்டம் குறைவு. விஜயா நாற்காலியில் உட்கார்ந்து தன் பல்லைத் தானே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரண்ட் இல்லை. புழுக்கம். வேறு ஒன்றுமில்லை.


8.5.18, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

பதினொரு மணிக்குப் பாக்கியம். தர்ஷினியைக் கையோடு இழுத்துக்கொண்டு, வெயிலில் முகம் சிவந்து. ஆகஸ்டில்தானே வரவேண்டும் என்று கேட்கும் முன்பே:

"யம்மா, கொழந்த வாயக் கட்டிட்டீங்களே! நான் அன்னிக்கே சொன்னேன், அந்தக் கறுப்பு மருந்து வேணாம்னு. நாக்குல எறங்கிடுச்சு. பேச மாட்டுது!"

நாலு பல்லுக்கு ஒரு துளி. எங்கும் இறங்க வழியில்லை. தெரியும். தெரிந்தும் பயம்.

"எத்தனை நாளா பேசலை?"

"ரெண்டு மாசமா. போனு வந்தா அவ்ளோதான். அவங்கம்மா 'கண்ணு, தங்கம்'னு தொண்ட கிழிய கூப்புடுறா. இது உதட்டக் கடிச்சிக்கினு உக்காந்துக்கீது. இவ அங்க அழுவுறா. எனக்குப் பேஜாரா கீதும்மா. 'கொழந்தைய இன்னா பண்ண அண்ணி, அடிச்சியா'ன்னு என்னையே கேக்கறா!"

கடைசி வார்த்தையில் அந்தப் பெரிய குரல் உடைந்துவிட்டது.

"போன்ல மட்டுமா, எப்பவுமா?"

"மத்த நேரம் வாயாடி. பசங்ககூட ஒரே கத்தல். நேத்து என்ன 'குண்டு அத்தே'ன்னுச்சு."

அப்படியானால் மருந்து காரணமில்லை. தர்ஷினியை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். தானாகவே ஏறினாள். ஆ என்றதும் ஆ. நாக்கு நன்றாக இருக்கிறது. சிமெண்ட் அசையவில்லை. முன்பற்கள் கறுப்பு, கல். கம்பி வழுக்குகிறது. ஒரு டாக்டராக இதைவிட நல்ல முடிவை நான் எதிர்பார்க்க முடியாது.

"தர்ஷினி, அம்மா போன் பண்ணா ஏன் பேச மாட்டேங்கற?"

விஜயா ரப்பர் கையுறையை ஊதிப் பலூன் கட்டிக் கொடுத்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு இருந்தாள். பிறகு என்னைக் குனியச் சொல்லிக் கை காட்டினாள். காதில் சொன்னாள். காது முழுக்க ஈரம், சூடு.

"பல்ல காட்டுனா அம்மா அழுவும்."

"யார் சொன்னா?"

"அம்மாதான்."

திரும்பிப் பாக்கியத்தைப் பார்த்தேன். முதலில் புரியவில்லை அவருக்கு. அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கிளம்பும் நாளில் மரக்காணத்தில் ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறார்கள். சுமதி கையோடு கொண்டுபோக ஒரு போட்டோ. போட்டோக்காரர் "சிரி பாப்பா" என்றதும் தர்ஷினி சிரித்திருக்கிறாள். நாலு கறுப்புப் பல்லும் தெரிய. அதுவரை திடமாக இருந்த சுமதி அங்கேயே உடைந்து அழுதிருக்கிறாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழந்தையின் தாடையைப் பிடித்து, "வாய மூடிக்க கண்ணு. பல்ல காட்டாத. அம்மா அழுதுடுவேன்" என்று சொல்லியிருக்கிறாள். அப்படியே எடுத்த படம்தான் குவைத்தில் இருக்கிறது.

"நான் பக்கத்துலதாம்மா நின்னுக்கினு இருந்தேன். போட்டோவுக்குச் சொல்றான்னுதான் நெனச்சேன்."

சுமதியும் போட்டோவுக்குத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் திரையில் அம்மா அழுகிற முகத்தோடு வருகிறாள். இன்னும் சரியாக மூடவில்லையோ என்று இவள் இன்னும் இறுக்கி மூடுகிறாள். நாலு வயதுக் குழந்தை. அம்மாவை அழவிடக் கூடாது என்று வாரா வாரம், தனியாக, இவ்வளவு கஷ்டப்பட்டுக்கொண்டு.

பாக்கியம் தர்ஷினியின் காலைப் பிடித்துக்கொண்டு, "அட என் ராசாத்தி, அட என் ராசாத்தி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தர்ஷினிக்குப் பலூன் போதும்.


9.5.18, புதன்

பாக்கியத்தின் மகனிடம் நம்பர் வாங்கி சுமதிக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினேன். மூன்று தடவை அழித்து அழித்துப் பேசினேன். நடந்ததைச் சொன்னேன். குழந்தைக்குக் கோபம் இல்லை, உன்னை மறக்கவும் இல்லை, உன்னை அழவைக்கக் கூடாது என்றுதான் பேசாமல் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை பேசும்போது நீயே வாயைத் திறக்கச் சொல்லு. ஒன்று மட்டும், அழாதே. எது வந்தாலும் அன்றைக்கு அழாதே.

எளிதாகச் சொல்லிவிட்டேன்.

இனியா லீவுக்கு வந்து நாலு நாள் ஆயிற்று. பத்து மணிவரை தூக்கம். இளைத்திருக்கிறாள். ஏதாவது பிரச்சனையா என்றால் "ஒண்ணும் இல்லம்மா." தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டேன். அவளை ஹாஸ்டலில் விட்ட அன்று வாசலில் நின்று நான் என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். பெட்டிச் சாவி, பக்கெட், மூடி என்று ஏதேதோ ஞாபகம் வருகிறது. அவளிடம் என்ன சொன்னேன் என்பது மட்டும் வரவில்லை.


10.5.18, வியாழன்

காலையில் சுமதியிடமிருந்து பதில். பாத்திரம் கழுவும் சத்தத்தினூடே, அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல், கிசுகிசுவென்று:

"டாக்டரம்மா, நான் பாவி. கொழந்த என்ன மறந்துடுச்சுன்னு நெனச்சுக்கினு இருந்தேன். அழ மாட்டேங்க. சத்தியமா அழ மாட்டேன். பாத்ரூம்ல போயி இப்பவே எல்லாத்தையும் அழுது தீத்துடுறேன். நாளைக்கு அழ மாட்டேன்."

மதியம் பாக்கியம் போன் செய்தார். நாளைக்குக் கிளினிக்கிலேயே வைத்துப் பேச வைக்கலாமா என்று. "உங்ககிட்டதான் தயங்காம வாயத் தொறக்குது."

சரி என்றேன். விஜயாவிடம் ஐந்து மணிக்கு யாருக்கும் நேரம் கொடுக்க வேண்டாம் என்றேன்.

மிக்ஸி ஜார் லீக். ரிப்பேர் கடைக்காரன் நாளை வரச் சொன்னான்.


11.5.18, வெள்ளி

அனல் காற்று. நாலரைக்கே வந்துவிட்டார்கள். தர்ஷினிக்குப் புது கவுன், இரட்டைப் பின்னல், மல்லிகைப்பூ. பாக்கியமும் நல்ல புடவையில். கல்யாணத்துக்கு வந்தது போல.

நாற்காலியில் உட்கார வைத்தேன். நான் பக்கத்தில் ஸ்டூலில். பாக்கியம் போனைப் பிடித்துக்கொண்டார். பிறகு விஜயா வாங்கிப் பிடித்தாள்.

"உன் பல்லு நல்லா இருக்கு. அதைப் பார்த்து அம்மா அழ மாட்டாங்க. என்கிட்ட சொல்லியிருக்காங்க."

தர்ஷினி என்னை நம்பாத மாதிரி பார்த்தாள். 

போன் மணி அடித்தது. சுமதி. நெற்றியில் பொட்டு, தலை வாரி, பவுடர் பூசி. பின்னால் துணி காயும் கம்பி. சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள்.

"கண்ணு. அம்மா பாரு, சிரிக்கிறேன் பாரு. அம்மா சும்மா சொன்னேன்டா அன்னிக்கு. பல்லு காட்டு தங்கம். அம்மா அழ மாட்டேன்."

தர்ஷினி திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். 

உதடு கொஞ்சமாகப் பிரிந்தது. அப்புறம் நாற்காலியில் பழகியது போலவே தலையைப் பின்னால் சாய்த்து, முழுக்கத் திறந்தாள். ஆ. நாலும் தெரிந்தன. அதே வாயோடு, ரொம்ப மெதுவாக, "அம்மா" என்றாள்.

சுமதி கையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. திரையைத் திருப்பப் பார்த்தாள், முடியவில்லை. சத்தம் வந்துவிட்டது.

தர்ஷினி வாயை மூடிக்கொண்டாள். இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு நடுவிலிருந்து என்னிடம் சொன்னாள்:

"நான் சொன்னேன் இல்ல."